விம்பா, ஆக்சியானா, மலட்டு நியூட்ரினோவா? கரும்பொருள் ஆய்வுக்கு எந்த மாதிரியை எடுப்பது

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறவர்களும், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் ஆண்டுப் பாடங்களை முடித்தவர்களும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். கரும்பொருளில், அதாவது ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருளில், வேலை செய்ய ஆசை. அது எந்தத் துகளால் ஆனது என்று சொல்லும் மாதிரிகளோ பல. ஆனால் விம்ப் செத்துவிட்டது என்கிறார் ஒருவர், இனி ஆக்சியான்தான் என்கிறார் இன்னொருவர், வழிகாட்டியோ டார்க் செக்டார் (தனக்கென ஒரு புதிய விசை உள்ள இலேசான துகள்கள்) பக்கம் இழுக்கிறார். எதை எடுப்பது?

"எது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்?" என்ற கேள்வியை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பேன். அதற்கு இன்று யாரிடமும் விடை இல்லை. அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: இந்த மாதிரி தவறென்றால் அது எந்தக் கருவியால், ஏறக்குறைய எப்போது தெரியவரும்? அது தெரிந்த மறுநாளும் நான் கற்ற வேலை எனக்குச் சோறு போடுமா? இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பார்த்தால் மாதிரிகளின் வரிசை நீங்கள் எதிர்பார்க்காத விதத்தில் மாறும்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லா மாதிரிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. பிளாங்க் செயற்கைக்கோள் அண்ட நுண்ணலைப் பின்னணியை, அதாவது தொடக்கப் பேரண்டத்திலிருந்து மிஞ்சிய ஒளியை, அளந்து கொடுத்த எண் 0.120. கரும்பொருளின் அடர்த்தியைக் குறிக்கும் எண் அது. சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். எந்தத் துகளை முன்வைத்தாலும் அது மின்னூட்டம் இல்லாததாக, பேரண்டத்தின் வயதைவிட நீண்ட ஆயுள் உள்ளதாக, விண்மீன் மண்டலங்கள் திரளும் காலத்தில் மெதுவாக நகர்வதாக இருக்க வேண்டும். அப்புறம் இந்த 0.12 என்ற அளவில் வந்து நிற்கவும் வேண்டும். இதில் தேறாத மாதிரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

தேறியவற்றுக்குள் ஒப்பிட நான் பார்ப்பவை இவை. மாதிரி கரும்பொருளுக்காகவே கட்டப்பட்டதா, அல்லது வேறொரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்து இதற்கும் பயன்படுகிறதா? சரியான அளவு தானாக வருகிறதா, எண்களைத் திருகி வரவழைக்கிறோமா? எத்தனை பாராமீட்டர்கள் (நாமே மதிப்பு வைக்க வேண்டிய எண்கள்) கட்டில்லாமல் இருக்கின்றன? நீங்கள் ஆய்வு செய்யப்போகும் ஐந்தாறு ஆண்டுகளில் எந்தச் சோதனை அதைத் தொடும்? கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள் என்னென்ன: என்ன கணிதம், எவ்வளவு கணினி நேரம், எவ்வளவு கூட்டம்?

துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட் என்பதை இனி எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன். புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 ஜிகா எ.வோ. என்பதை நினைவில் வைத்தால் மற்ற எண்கள் பிடிபடும்.

## விம்ப்: கூட்டமான பழைய பாதை

விம்ப் என்பது ஒரே துகளின் பெயர் அல்ல, ஒரு வகை. சில ஜிகா எ.வோ. முதல் ஏறக்குறைய 100 டெரா எ.வோ. வரை நிறையும், வலுகுறைந்த விசையின் (சில கதிரியக்கச் சிதைவுகளை நடத்தும் விசை) அளவுக்கு ஒட்டிய இடைவினையும் கொண்ட எந்தத் துகளும் இதில் சேரும். கீழ் எல்லை 1977-இல் பெஞ்சமின் லீயும் ஸ்டீவன் வைன்பெர்கும் காட்டியது; மேல் எல்லை குவாண்டம் கோட்பாட்டின் நிகழ்தகவு விதியிலிருந்து வருகிறது.

இதன் கவர்ச்சி அளவு வரும் விதத்தில் இருக்கிறது. தொடக்கப் பேரண்டத்தின் வெப்பத்தில் இந்தத் துகள்கள் உண்டாகிக்கொண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டும் இருந்தன. பேரண்டம் விரிந்து குளிர்ந்ததும் உண்டாவது நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அழிவதும் நின்றது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவர் எவரையும் சந்திக்காமல் நடக்க முடியாது. கூட்டம் கலைந்த பிறகோ மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே வீடு போய்ச்சேர்வார்கள். அப்படி மிஞ்சியவைதான் இன்றைய கரும்பொருள். சரியான அளவு மிஞ்ச, அழிவு வீதம் நொடிக்கு 2 முதல் 3 × 10⁻²⁶ கன சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். வலுகுறைந்த விசையின் எண்களைப் போட்டால் அதே இடத்தில்தான் வந்து விழுகிறது. அதற்கு முன்பு பேரண்டத்தில் என்ன நடந்தது என்பது விடையைப் பாதிக்காது. இவ்வளவு தூய்மையான கணக்கு மற்ற மாதிரிகளில் கிடைக்காது.

சரி, செத்துவிட்டதா? எண்களைப் பார்ப்போம். 2007-இல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த க்ஸெனான்10 கருவி, துகள்–அணுக்கருத் துகள் மோதலின் குறுக்குவெட்டுப் பரப்பு (மோத எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு) 10⁻⁴⁴ சதுர சென்டிமீட்டரை ஒட்டிய அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் இருக்கும் எல்.இசட். கருவியில் 7 டன் திரவ செனான் வேலை செய்கிறது. அது 2024-இல் அறிவித்த முடிவு, 40 ஜிகா எ.வோ. நிறைக்கு ஏறக்குறைய 2 × 10⁻⁴⁸. இருபது ஆண்டுக்குள் பத்தாயிரம் மடங்குக்கு மேல் இறங்கியிருக்கிறோம், துகள் கிடைக்கவில்லை.

இந்த இறக்கத்தில் எது செத்தது, எது சாகவில்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் ஒரு மாணவருக்கு வேலை இருக்கிறது. வலுகுறைந்த விசையைச் சுமக்கும் இசட் துகள் வழியாக நேரடியாக மோதும் எளிய மாதிரிகள் 1980-களிலேயே போய்விட்டன. மற்ற துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் துகள் வழியாக மோதுபவை இப்போது நெருக்கப்படுகின்றன. ஒற்றை ஸ்கேலர் (தற்சுழற்சி இல்லாத துகள்) மாதிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதுவரை தெரிந்த துகள்களை விவரிக்கும் தரநிலை மாதிரியோடு ஒரே ஒரு துகளைச் சேர்க்கிறீர்கள். புதிய பாராமீட்டர்கள் இரண்டுதான், நிறையும் ஹிக்ஸோடு உள்ள இணைப்பும். இன்று அதற்கு மிஞ்சியிருப்பது ஹிக்ஸ் நிறையின் பாதியான 62 ஜிகா எ.வோ.வை ஒட்டிய ஒரு சின்ன இடுக்கும், அதைவிட்டால் பல டெரா எ.வோ.வுக்கு மேலே இணைப்பு அசௌகரியமாகப் பெரிதாகும் பகுதியும்தான்.

ஆனால் ஹிக்சினோவைப் பாருங்கள். தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரியிலிருந்து வரும் இந்தத் துகளுக்குச் சரியான அளவு கிடைக்க நிறை 1.1 டெரா எ.வோ. இருக்க வேண்டும். தூய ஹிக்சினோ அணுக்கருவோடு மோதுவது குவாண்டம் திருத்தங்களால் மட்டுமே என்பதால் பரப்பு 10⁻⁴⁹ அளவுக்குப் போய்விடும். எல்.இசட். அதைத் தொடவே இல்லை. எல்.எச்.சி. மோதுவிப்பானும் அந்த நிறைக்கு எட்டவில்லை. ஐம்பது ஆண்டுக் கருத்தின் மிக எளிய, மிக அழகான வடிவங்களில் ஒன்று இன்னும் யாராலும் தொடப்படாமல் நிற்கிறது. "விம்ப் செத்துவிட்டது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது, நியூட்ரினோ மூட்டம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களும் செனான் அணுக்கருவை விம்ப் போலவே தட்டுகின்றன. 2024-இல் க்ஸெனான்-என்-டி, பாண்டாஎக்ஸ்-4டி ஆகிய இரண்டு கருவிகளும் போரான்-8 நியூட்ரினோக்களின் முதல் அறிகுறியைக் கண்டதாக அறிவித்தன. கருவியின் திறனுக்கு அது பெருமைதான். ஆனால் இதற்குக் கீழே ஒவ்வொரு அடி இறங்குவதும் முன்பைவிடக் கடினம். 60 டன்னும் அதற்கு மேலும் செனான் வேண்டும் என்று அடுத்த தலைமுறைத் திட்டம் பேசுவது அதனால்தான். இரண்டாவது, கூட்டம். நாற்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. நீங்கள் வரைந்த வரைபடம் அச்சேறும் முன் புதிய எல்லைக்கோடு வந்து அதை மூடிவிடலாம். மூன்றாவது, பொய்க் குறிப்புகள். கிரான் சாசோவின் டாமா குழு சோடியம் அயோடைடு படிகங்களில் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் சமிக்ஞையை இருபது ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தது. அதே படிகத்தை வைத்துப் பார்த்த ஸ்பெயினின் அனாயிஸும் கொரியாவின் கோசைனும் அப்படி எதையும் காணவில்லை. நம் பால்வீதி மண்டலத்தின் மையத்திலிருந்து வரும் உபரி காமாக் கதிர் 2009 முதல் பேசப்படுகிறது. அது கரும்பொருளா, துடிவிண்மீன்களா என்பது தீரவில்லை. இப்படிப்பட்ட ஒன்றை விளக்கும் மாதிரி கட்டுவதில் இரண்டு ஆண்டைச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

விம்ப் எப்போது நல்ல தேர்வு? குறுகிய காலத் திட்டம், துகள் இயற்பியல் கணக்கின் அடிப்படையைக் கற்கும் ஆசை, தனிக் கணினி மட்டும் வசதி என்றால் இதைவிட நல்லது கிடையாது. ஃபெயின்ரூல்ஸ், மைக்ரோமெகாஸ், மேட்-டி.எம். போன்ற மென்பொருள்கள் இலவசம்; ஒரு மடிக்கணினியில் ஓடும். நீண்ட காலத்துக்கென்றால் டெரா எ.வோ. பக்கம் போங்கள். ஸ்பெயினின் லா பால்மாவிலும் சிலியின் பரனாலிலும் எழும், காமாக் கதிரைப் பார்க்கும் செரென்கோவ் தொலைநோக்கி வரிசை குறிவைக்கும் நிறைப் பகுதி அது.

## ஆக்சியான்: வேறொரு சிக்கலுக்குப் பிறந்த விடை

அளவுகோல்களில் முதலாவதான "பிறப்புக் காரணம்" என்பதில் ஆக்சியானுக்கு நிகர் இல்லை. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசையின் கோட்பாட்டில் தீட்டா என்றொரு எண் இருக்கிறது. அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நியூட்ரானின் மின் இருமுனைத் திருப்புத்திறன் கண்ணில் படாததால், அது 10⁻¹⁰-ஐவிடச் சிறியது என்று தெரிகிறது. ஏன் இவ்வளவு சிறிது? 1977-இல் ராபர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவின்னும் அந்த எண்ணையே மாறக்கூடிய ஒரு புலமாக ஆக்கினார்கள். அது தானாகச் சுழிக்கு உருண்டுவிடும். அந்தப் புலத்துக்கு ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று அடுத்த ஆண்டே வைன்பெர்கும் ஃப்ராங்க் வில்செக்கும் தனித்தனியே சொன்னார்கள். அது கரும்பொருளாகவும் இருக்கலாம் என்பது 1983-இல்தான் மூன்று குழுக்களின் கட்டுரைகளில் தெளிவானது. கேட்காமலே வந்த விடை என்பதால் எனக்கு இதில் தனி மரியாதை உண்டு.

அளவு வரும் வழி விம்புக்கு நேர்மாறு. இங்கே வெப்பமோ மோதலோ இல்லை. தொடக்கத்தில் புலம் ஏதோ ஒரு கோணத்தில் நிற்கிறது. பேரண்டம் போதுமான அளவு மெதுவாக விரியத் தொடங்கியதும் அது ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டத்தின் ஆற்றல்தான் கரும்பொருள். நிறை மைக்ரோ எ.வோ. அளவு, அதாவது எலக்ட்ரானைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் இலேசு. இருந்தும் குளிர்ந்த பொருளாகவே நடந்துகொள்கிறது.

தொடக்கக் கோணம் என்ன என்பதில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பேரண்டப் பெருவீக்கத்துக்கு (தொடக்கத்தில் நடந்த மிக வேகமான விரிவுக்கு) முன்பே புலம் தன் கோணத்தைத் தேர்ந்துவிட்டிருந்தால் அந்தக் கோணம் தற்செயல். ஆக்சியானின் நிறையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வீக்கத்துக்குப் பிறகு என்றால் எல்லாக் கோணங்களும் கலந்து சராசரியாகி, கொள்கை அளவில் ஒரே ஒரு நிறைதான் விடை. ஆனால் அந்த விடையைக் கணக்கிட, அண்ட இழைகள் (புலத்தில் விழும் நூல் போன்ற சிக்கல்கள்) உருவாகிச் சிதைவதைப் பெரிய கணினிகளில் உருவகப்படுத்த வேண்டும். வெவ்வேறு குழுக்களின் விடைகள் சில பத்து மைக்ரோ எ.வோ. முதல் சில நூறு வரை வேறுபடுகின்றன. கோட்பாட்டாளர் ஒருவர் இந்தக் கணக்கைச் சரியாக முடித்துக் கொடுத்தால் சோதனையாளர்களுக்குப் பல ஆண்டுத் தேடல் மிச்சமாகும். இன்று கரும்பொருளில் இதைவிடப் பயனுள்ள கோட்பாட்டு வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சோதனைப் பக்கம் பியர் சிக்கிவியின் 1983 யோசனையில் நிற்கிறது. வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் நுண்ணலையாக மாறும். அதன் அதிர்வெண்ணுக்கு ஓர் உலோகக் குடுவையை இசைத்துவைத்தால் 10⁻²³ வாட் அளவிலான சமிக்ஞை வரும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏ.டி.எம்.எக்ஸ். 2018-இல் முதன்முறையாக, நம்பத்தகுந்த இரண்டு அடிப்படை மாதிரிகளில் மிக மங்கலானதைத் தொடும் நுண்மையை எட்டியது. 2.66 முதல் 2.81 மைக்ரோ எ.வோ. வரை தேடியது. அந்த எண்களை மறுபடி படியுங்கள்: அவ்வளவு குறுகிய துண்டு. 2021-க்குள் 4.2 வரை நகர்ந்தது. கொரியக் குழு 4.5-ஐ ஒட்டி ஒரு துண்டைப் பார்த்திருக்கிறது. ஆனால் நிறை கூடக் கூடக் குடுவை சிறிதாக வேண்டும், கொள்ளளவு கனத்தில் குறையும், சமிக்ஞையும் அதோடு போகும். அதனால்தான் ஜெர்மனியில் மேட்மேக்ஸ் போல முற்றிலும் வேறு வடிவமைப்புகள் வருகின்றன.

செலவுகள் இங்கேயும் உண்டு. ஈர்ப்புவிசை, மாதிரி நம்பியிருக்கும் சமச்சீரை உடைக்கும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த உடைப்பு மிக மிகச் சிறியதாக இருந்தாலன்றி தீட்டா சுழியில் நிற்காது. தரச் சிக்கல் என்று அழைக்கப்படும் இது 1992-இலிருந்து ஆக்சியானின் காலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து, தயாரிப்புச் செலவு. நீங்கள் படிக்க வேண்டியது வலுவிசைக் கோட்பாடான குவாண்டம் குரோமோடைனமிக்ஸின் தொடர்விரிவுக்குள் அடங்காத பகுதி, வளைந்த வெளியில் புலக்கோட்பாடு, இழை உருவகம் என்றால் உயர்திறன் கணினி. எம்.எஸ்சி.யில் இவை பெரும்பாலும் வருவதில்லை. முதல் கட்டுரை வர விம்பைவிட ஓராண்டு கூடுதலாகவே எதிர்பாருங்கள்.

ஆனால் மாதிரி வீழ்ந்தாலும் கற்றது வீழாது. விண்மீன்களின் ஆற்றல் இழப்பு, 1987-இன் சூப்பர்நோவா வெடிப்பில் வந்த நியூட்ரினோக்களின் நேர அளவு, பெருவீக்கத்தின் தடயங்கள் என்று நீங்கள் கற்கும் ஒவ்வொன்றும் இன்னொரு துறைக்கான கதவு. எனது இரண்டாவது கேள்விக்கு ஆக்சியான் தரும் விடை மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது.

## மலட்டு நியூட்ரினோ: கெட்டியான நோக்கம், சுருங்கும் இடம்

நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே காட்டியது முதல், வலுகுறைந்த விசைகூடத் தொடாத வலதுசுழற்சி நியூட்ரினோக்களைச் சேர்ப்பது இயல்பான அடுத்த அடி. மலட்டு நியூட்ரினோ என்பது இவற்றைத்தான். அவற்றில் ஒன்று சில கிலோ எ.வோ. நிறையில் இருந்தால் அது கரும்பொருளாகலாம். 2005-இல் அசாகாவும் ஷபோஷ்னிகோவும் முன்வைத்த மாதிரியில் மூன்று வலதுசுழற்சித் துகள்கள் மட்டும். ஒன்று கரும்பொருள், மற்ற இரண்டும் நியூட்ரினோ நிறையையும் எதிர்ப்பொருளைவிடப் பொருள் மிஞ்சியதையும் விளக்கும். மூன்று காய்க்கு ஒரே கல். சிக்கனம் என்றால் இதுதான்.

இதற்கு ஒரு நேர்மையான பலவீனமும் உண்டு: துகள் மெல்லச் சிதைந்து, தன் நிறையில் பாதி ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை விடும். 2014-இல் இரண்டு குழுக்கள் விண்மீன் மண்டலக் கொத்துகளில் 3.5 கிலோ எ.வோ. கோடு ஒன்றைக் கண்டதாகச் சொன்னபோது, 7 கிலோ எ.வோ. மலட்டு நியூட்ரினோவே கிடைத்துவிட்டது என்று துறை பரபரத்தது. 2016-இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் செயலிழக்கும் முன் பெர்சியஸ் கொத்தைப் பார்த்தது. அங்கே கோடு இல்லை. நம் மண்டலத்தின் வெற்று வானத் தரவிலும் பின்னர் தேடினார்கள், கிடைக்கவில்லை.

இரண்டு பக்கச் சுவர்களும் நெருங்குகின்றன. நிறை கூடினால் எக்ஸ் கதிர் காட்டிக்கொடுக்கும். குறைந்தால் துகள் வேகமாக ஓடிச் சிறிய மண்டலங்களைத் திரளவிடாமல் அழித்துவிடும். 1994-இல் டோடெல்சனும் விட்ரோவும் சொன்ன எளிய உற்பத்தி வழி இந்த நெருக்கலில் தப்பவில்லை. லெப்டான் சமச்சீரின்மையை (லெப்டான்களுக்கும் எதிர் லெப்டான்களுக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாட்டை) நம்பும் வழி இன்னும் மூச்சுவிடுகிறது, அதுவும் குறுகிய இடத்தில்.

முனைவர் பட்டத்துக்கு இதை மட்டும் நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன். ஆனால் எக்ஸ் கதிர் வானியலில் விருப்பம் உள்ளவர்களுக்கு இது பொருத்தம். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள், ஹிட்டோமியின் அதே வகைத் துல்லியத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் விடை நம் காலத்திலேயே வரும். அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

## டார்க் செக்டாரின் இலேசான துகள்கள்

1 ஜிகா எ.வோ.வுக்குக் கீழே விம்ப் வேலை செய்யாது, ஏனென்றால் வலுகுறைந்த விசை அவ்வளவு இலேசான துகளைப் போதுமான அளவு அழிக்காது. புதிதாக ஒரு விசையைச் சேர்த்தால் வேலை செய்யும். டார்க் ஃபோட்டான் அதற்கு எளிய வழி: நம் ஃபோட்டானோடு மிகச் சிறிதளவு கலக்கும் இன்னொரு ஃபோட்டான். ஹோல்டம் 1986-இலேயே எழுதியது இது.

மாதிரி கட்டும் சுதந்திரம் இங்கே அதிகம், அதுவே செலவும்கூட. துகளின் நிறை, புதிய விசையைச் சுமக்கும் இடைத்துகளின் நிறை, கலப்பு, உள் இணைப்பு என்று நான்கு பாராமீட்டர்கள் குறைந்தபட்சம். வேறு எந்தச் சிக்கலையும் தீர்க்கப் பிறக்காததால் எங்கே தேட வேண்டும் என்று கோட்பாடு கைகாட்டுவதில்லை. நுண்ணலைப் பின்னணி வேறு கடுமையான நிபந்தனை போடுகிறது: ஏறக்குறைய 10 ஜிகா எ.வோ.வுக்குக் கீழே உள்ள துகள்கள் சாதாரண விதத்தில் அழிந்துகொண்டிருந்தால் அதன் தழும்பு பிளாங்க் தரவில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அதைத் தப்ப மாதிரியில் இன்னொரு மடிப்பு சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சோதனைகள் வேகமாக வருகின்றன. ஒற்றை எலக்ட்ரானை எண்ணும் சிலிக்கான் கருவிகளான சென்சேயும் பிரான்ஸின் மோடான் ஆய்வகத்தில் உள்ள டாமிக்-எம்மும், செர்ன் நிலையத்தின் துகள்கற்றைச் சோதனையான என்.ஏ.64-உம் ஆண்டுக்காண்டு புதிய பகுதியைத் திறக்கின்றன. விம்பின் செனான் கருவிகளைப்போல டன் கணக்கில் பொருள் தேவையில்லை. கிராம் அளவு சிலிக்கானே முடிவு தருகிறது. திண்மநிலை இயற்பியல் தெரிந்த மாணவருக்கு இங்கே நிஜமான சாதகம் உண்டு. எலக்ட்ரான் பட்டைக் கட்டமைப்பைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் துகள் இயற்பியல் பக்கம் குறைவு, தேவையோ அதிகம்.

பேரண்டத்தின் தொடக்கத்திலேயே உருவானதாகக் கருதப்படும் ஆதிக் கருந்துளைகளையும் சிலர் கேட்கிறார்கள். அவை புதிய துகள் இல்லை. கரும்பொருள் முழுவதையும் விளக்க இன்று மிஞ்சியிருப்பது சிறுகோள் நிறை கொண்ட கருந்துளைகளின் இடைவெளி மட்டுமே. ஈர்ப்பியல் குழு அருகில் இருந்தால் யோசியுங்கள்.

## பக்கத்துப் பக்கத்தில்

| கேள்வி | விம்ப் | ஆக்சியான் | மலட்டு நியூட்ரினோ | டார்க் செக்டார் |
|---|---|---|---|---|
| நிறை | சில ஜிகா முதல் 100 டெரா எ.வோ. | பெரும்பாலும் மைக்ரோ எ.வோ. அளவு | சில கிலோ எ.வோ. | மெகா எ.வோ. அளவு |
| வேறு சிக்கலைத் தீர்க்கிறதா | சூப்பர்சிமெட்ரியோடு வந்தால் ஆம் | ஆம், தீட்டா | ஆம், நியூட்ரினோ நிறை | இல்லை |
| 0.12 வரும் வழி | வெப்ப உறைவு, மிகத் தெளிவு | புல ஊசல், தொடக்கக் கோணத்தைப் பொறுத்தது | கலப்பு, தொடக்க நிலையைப் பொறுத்தது | பல வழி |
| அருகில் இருக்கும் சோதனை | எல்.இசட்., செரென்கோவ் வரிசை | ஏ.டி.எம்.எக்ஸ்., மேட்மேக்ஸ் | எக்ஸ்ரிசம் | சென்சே, டாமிக்-எம், என்.ஏ.64 |
| மறைந்த செலவு | கூட்டம், நியூட்ரினோ மூட்டம் | நீண்ட தயாரிப்பு, தரச் சிக்கல் | இடம் சுருங்குகிறது | கட்டில்லாத பாராமீட்டர்கள் |
| முதல் முடிவு வரும் வேகம் | மாதங்கள் | ஓராண்டுக்கு மேல் | நடுத்தரம் | மாதங்கள் |

## யாருக்கு எது

ஆறு மாத எம்.எஸ்சி. திட்டமா? ஒற்றை ஸ்கேலர் விம்ப், தயக்கமே வேண்டாம். இரண்டு பாராமீட்டர், ஒரு வரைபடம், முழுக் கதையும் அதில் இருக்கும்.

ஐந்தாண்டு முனைவர் பட்டமா, புலக்கோட்பாட்டில் கை ஓடுமா? ஆக்சியான். இழை உருவகம் செய்யும் குழுவோடு தொடர்பு இருந்தால் கூடுதல் நல்லது. கணினி வசதி இல்லாவிட்டால் விண்மீன்களின் ஆற்றல் இழப்பிலிருந்து ஆக்சியானுக்குக் கிடைக்கும் எல்லைகள் பக்கம் திரும்புங்கள். அங்கே பேனாவும் தாளும் நல்ல சமன்பாடுகளும் இன்றும் போதும்.

சோதனையாளர்களோடு நெருங்கி வேலை செய்ய ஆசையென்றால் இலேசான துகள்கள். இந்தியாவில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் 2017 முதல் இருக்கிறது. அங்கே மீவெப்பத் திரவக் கருவியால் குறைந்த நிறை விம்ப்களைத் தேடுகிறார்கள். கோட்பாட்டு மாணவரும் ஒருமுறையாவது அப்படி ஓர் இடத்துக்குப் போய் இரைச்சலை எப்படிக் குறைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதன்பின் எல்லைக்கோடு வரைபடத்தை வாசிக்கும் விதமே மாறும்.

வழிகாட்டி ஒரு மாதிரியில் மட்டுமே வேலை செய்பவர், உங்களுக்கோ வேறொன்றில் ஆசை என்றால்? வழிகாட்டியின் பக்கமே போங்கள் என்பேன். நல்ல வழிகாட்டியோடு சுருங்கும் மாதிரியில் கற்பது, வழிகாட்டி இல்லாமல் வளரும் மாதிரியில் தடுமாறுவதைவிட மேல்.

முடிவெடுக்கும் முன் இரண்டு கணக்குகளைச் சொந்தக் கையால் போட்டுப்பாருங்கள், எந்த மென்பொருளையும் திறக்காமல். ஒன்று, 100 ஜிகா எ.வோ. துகளுக்கு போல்ட்ஸ்மான் சமன்பாட்டைத் தீர்ப்பது. நிறையை வெப்பநிலையால் வகுத்த எண் 20-க்கும் 25-க்கும் இடையில் இருக்கும்போது துகள் எண்ணிக்கை சமநிலையை விட்டு விலக வேண்டும். அழிவு வீதம் 2.2 × 10⁻²⁶ என்று வைத்தால் 0.12 வர வேண்டும். மற்றது, விரியும் பேரண்டத்தில் ஆக்சியான் புலத்தின் ஊசல் சமன்பாடு. நிறை வெப்பநிலையோடு மாறுவதைச் சேர்த்தால், மைக்ரோ எ.வோ. ஆக்சியான் 1 ஜிகா எ.வோ.வை ஒட்டிய வெப்பநிலையில் ஊசலாடத் தொடங்குவதைக் காண்பீர்கள். இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போய் உட்காருங்கள். எந்த மாதிரி என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.